ராசியான துப்பாக்கி

அறிவியல் இதழில் ஒரு வேட்டை நூலுக்கு விமரிசனமா என்று நீங்கள் முகம் சுளிக்கக்கூடும். இந்த நூலை எழுதியவர் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட். 1909 மார்ச்சில் பதவியை விட்டு இறங்கிய அவர், அதே மாதத்தில் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு அங்கே சுற்றியலைந்து 1910-இல் வெளியிட்ட நூல்தான் 'ஆப்பிரிக்கன் கேம் டிரெயில்ஸ்'. 'ஆப்பிரிக்க வேட்டைத் தடங்கள்' என்று தமிழில் சொல்லலாம். பழைய அமெரிக்க லீவர் துப்பாக்கியை விரும்பும் வேட்டைக்காரர்கள் இந்த நூலை இன்றும் சான்றாகக் காட்டுகிறார்கள். சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது அறிவியல் மாணவனுக்கு நல்ல பயிற்சி. ஆகவேதான் இந்த விமரிசனம்.

முதலில் பயணத்தைப் பற்றிச் சில சொற்கள். இதை வெறும் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் அருங்காட்சியகத்திற்கு மாதிரிகள் சேகரிப்பதற்காக அனுப்பிய குழு இது. ரூஸ்வெல்ட்டோடு அவருடைய மகன் கெர்மிட் சென்றார். மெர்ன்ஸ், ஹெல்லர், லோரிங் என்ற மூன்று இயற்கையியலாளர்களும் உடன் சென்றனர். தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு மூட்டைகளைக் கூலியாட்கள் சுமந்தார்கள். ஏறத்தாழ 5,000 பாலூட்டிகள் உட்பட 11,000-க்கு மேற்பட்ட விலங்கு மாதிரிகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. தாவரங்களையும் சேர்த்தால் மொத்தம் 23,000-ஐத் தாண்டும். இவற்றில் பெரும்பகுதி எலிகளும் வௌவால்களும் பறவைகளும்தான். தந்தையும் மகனும் ரைபிளால் சுட்டு வீழ்த்திய பெரிய விலங்குகள் 512. தந்தையின் பங்கு 296, மகனின் பங்கு 216. விலங்கு வாரியாக இந்தப் பட்டியலை ரூஸ்வெல்ட் நூலிலேயே தந்திருக்கிறார். மறைக்கும் மனிதர் அல்லர் அவர். இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கே அதைச் சுற்றித்தான்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். அவர் மூன்று வகை ரைபிள்களை எடுத்துச் சென்றார். யானைக்கும் காண்டாமிருகத்திற்கும் ஆங்கிலேய அன்பர்கள் பரிசளித்த ஹாலண்ட் இரட்டைக்குழல் துப்பாக்கி. அடுத்தது அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட். மூன்றாவது, அவர் உள்ளம் கவர்ந்த வின்செஸ்டர் 1895. சிங்கத்துக்கு இதுவே தம் ராசியான துப்பாக்கி என்ற பொருளில், அமெரிக்கப் பழங்குடியினர் வழக்கிலிருந்து ஒரு சொல்லை எடுத்து அதற்குச் செல்லப்பெயர் சூட்டியிருந்தார்.

இந்த வின்செஸ்டரில் விசைக்குக் கீழே, விரல்கள் நுழையும் வளையத்துடன் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலின் அடியில் போய் அமரும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே அடுத்தடுத்துச் சுடலாம். அமெரிக்காவின் புதர்க் காடுகளில் மானும் கரடியும் ஐம்பது கஜத்தில் திடீரென எதிர்ப்படும்போது இந்த வேகம் பெரிய வரம்.

ஆனால் இதற்கு முந்தைய லீவர் துப்பாக்கிகளில் ஒரு குறை இருந்தது. தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள ஒரு நீண்ட குழாயில், ஒன்றின் பின்னால் ஒன்றாக, வரிசையில் நிற்கும் ரயில் பெட்டிகளைப் போலக் கிடக்கும். முன்னதன் வெடிமூடியைப் பின்னதன் குண்டு முனை தொட்டுக்கொண்டிருக்கும். குண்டின் முனை கூராக இருந்தால், சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பில் அது வெடிமூடியைக் குத்தி, குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்க இடமுண்டு. அதனால் முனையை மழுங்கலாகச் செய்தார்கள். மழுங்கிய குண்டு காற்றைக் கிழித்துச் செல்லாது, காற்றோடு மல்லுக்கட்டும். விரைவில் வேகம் இழக்கும். இதை உணர்ந்த பிரௌனிங் என்ற வடிவமைப்பாளர் 1895 மாதிரியில் குழாயை நீக்கி, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை வைத்தார். கூர்முனைக்கு வழி பிறந்தது. எனினும் ரூஸ்வெல்ட்டின் .405 தோட்டாவில் இருந்த குண்டு பருமனானது, மழுங்கிய முனை கொண்டது.

மாணவ நண்பர்கள் இங்கே ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குண்டின் எடை 19.4 கிராம், குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் வினாடிக்கு 670 மீட்டர். ஸ்பிரிங்ஃபீல்டின் அன்றைய ராணுவக் குண்டு 9.7 கிராம், வேகம் வினாடிக்கு 823 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது சுமார் 4,360 ஜூல், பின்னது சுமார் 3,290 ஜூல். ஆக, வாயிலில் பலசாலி வின்செஸ்டர்தான்! ஆனால் குண்டு கிளம்பிய கணமே ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. 300 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் வின்செஸ்டர் குண்டு 98 சென்டிமீட்டரும், ஸ்பிரிங்ஃபீல்ட் குண்டு 65 சென்டிமீட்டரும் விழும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமலே இந்த வேறுபாடு. அதையும் சேர்த்தால் மழுங்கல் குண்டின் கதி இன்னும் மோசம்.

இப்போது நூலில் வரும் காபிட்டி, ஆதி சமவெளிகளை எண்ணிப் பாருங்கள். மரமில்லை, புதரில்லை. எங்கு பார்த்தாலும் குட்டைப் புல். வில்டிபீஸ்ட், வரிக்குதிரை, கொங்கோனி, தாம்சன் கசெல் எல்லாம் மந்தை மந்தையாக நிற்கும். எல்லாம் மனிதனைத் தொலைவிலேயே பார்த்துவிடும். வெறும் சமவெளியில் தூரத்தை மதிப்பிடுவது கடினம். 200 மீட்டர் என்று நினைத்தது 300 ஆக இருக்கும். தாம்சன் கசெல் நம் வெள்ளாட்டை விடவும் சிறியது. அதன் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஒரு சாணுக்கு மேல் இராது. குண்டு ஒரு சாண் தாழ்ந்தால் கால் முறியும். சற்றுப் பின்னால் தள்ளிப்போனால் குடல் கிழியும். விலங்கு உடனே சாகாது. நொண்டிக்கொண்டு ஓடும்.

இதை நான் சொல்லவில்லை, ரூஸ்வெல்ட்டே சொல்கிறார். தாம் சிறந்த குறிகாரர் அல்ல என்பதை அவர் ஒளிக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவரால் பார்க்க முடியாது. வெள்ளை மாளிகையில் குத்துச்சண்டை போட்டதில் இடக்கண் பார்வையும் போயிருந்தது. தவறிய குண்டுகளையும், அடிபட்ட விலங்கைக் குதிரையில் துரத்தியதையும், வீணாக்கிய தோட்டாக்களையும் மனம் திறந்து எழுதுகிறார். விழுந்த விலங்குவரை காலடியால் அளந்து தூரத்தைக் குறிக்கிறார். நெடுந்தூரத்துக்குப் பெரும்பாலும் அவர் கையில் ஸ்பிரிங்ஃபீல்டைத்தான் காண்கிறோம். வின்செஸ்டர் ஒளிவிடும் இடங்கள் வேறு. அவருடைய முதல் பெரிய சிங்கம் ஏறத்தாழ முப்பது கஜத்தில், புதர் மறைவிலிருந்து பாய்ந்து ஓடியபோது அந்த ராசியான துப்பாக்கிக்கு இரையாயிற்று. அந்த இடத்தில் கூர்முனையும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். துப்பாக்கித் தேர்வு அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்று வேறு அடக்கமாகச் சொல்லிவிடுகிறார். பிற்கால ரசிகர்கள் இந்த அடக்கத்தை விட்டுவிட்டு ராசியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

என் குறை வேறு. அந்த 512 பட்டியலில் விலங்கின் பெயர் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. அதற்காகச் சுட்ட தோட்டா எத்தனை? அடிபட்டுத் தப்பியது எத்தனை? அந்தப் பத்தி பட்டியலில் இல்லை. செய்தி நூலெங்கும் சிதறிக் கிடந்தும் எண்ணாக மாறவில்லை. கைக்கு வந்தது மட்டும் கணக்கில் ஏறியது. ஒரு துப்பாக்கி சமவெளிக்கு ஏற்றதா என்று தீர்மானிக்க வேண்டியதே அந்த விடுபட்ட பத்திதான். அது இல்லாமல் லீவர் துப்பாக்கிக்குச் சான்றிதழ் கொடுப்பது, தேறிய மாணவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் பள்ளியைப் புகழ்வதற்குச் சமம்.

இதே தவறு, வியப்பாக, நூலின் மிகச் சிறந்த அறிவியல் பகுதியிலும் தலைகாட்டுகிறது. தேயர் என்ற ஓவியர் 1909-இல் ஒரு நூல் வெளியிட்டார். விலங்குகளின் நிறம் யாவும் மறைந்துகொள்வதற்கே என்பது அவர் வாதம். பூநாரையின் இளஞ்சிவப்பு, மாலை வானத்தோடு ஒன்றிப்போவதற்காம்! வரிக்குதிரையின் கோடுகளும் மறைவுக்கே. ரூஸ்வெல்ட் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பின்னிணைப்பு எழுதி வெளுத்து வாங்கிவிட்டார். நாள்தோறும் சமவெளியில் வரிக்குதிரையைப் பார்த்தவர் அவர். அருகில் கோடுகள் பளிச்சென்று காட்டிக்கொடுக்கின்றன, தொலைவில் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகிவிடுகின்றன, விலங்கோ ஒளிந்துகொள்ள முயல்வதே இல்லை, கண்ணையும் காலையும் நம்பியே வாழ்கிறது என்றார். பிற்கால ஆய்வு பெருமளவு அவர் பக்கமே சாய்ந்தது. பகல் ஒளியில் சுமார் 50 மீட்டருக்கு அப்பால் சிங்கத்தின் கண்ணுக்கு வரிகள் பிரிந்து தெரியமாட்டா என்று 2016-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கடிக்கும் ஈக்கள் வரிகளின்மீது சரியாக வந்து அமர முடியாமல் தடுமாறுகின்றன என்பதை 2019-இல், குதிரைகளுக்கு வரிபோட்ட போர்வை போர்த்திச் சோதித்துக் காட்டினார்கள். ஈயைப் பற்றித் தேயரும் நினைக்கவில்லை, ரூஸ்வெல்ட்டும் நினைக்கவில்லை.

ஆனால் ரூஸ்வெல்ட் இதோடு நிற்கவில்லை. மறைநிறம் என்பதே பெரும்பாலான பெரிய விலங்குகளுக்குப் பயன்படுவதில்லை என்ற அளவுக்குப் போய்விட்டார். முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருந்தால் நிழல் சமன்பட்டு உருவம் தட்டையாகத் தெரியும் என்று தேயர் 1896-லேயே கண்டுபிடித்திருந்தார். அது நிலைத்த உண்மை. ரூஸ்வெல்ட் சறுக்கியது எங்கே? நான் பார்த்த விலங்குகளெல்லாம் எளிதில் கண்ணில் பட்டன என்கிறார். கண்ணில் படாத விலங்கு அவர் குறிப்பேட்டில் எப்படி ஏறும்? புதரோரம் அசையாமல் கிடந்து அவரைக் கடந்துபோகவிட்ட விலங்குகள் எத்தனையோ! இங்கும் கைக்கு வந்ததே கணக்கு. தப்பியது பூஜ்யம்.

மூன்றாவது இடம் வருத்தமானது. 1910 ஜனவரியில் குழு நைல் நதியின் மேற்குக் கரையிலிருந்த லாடோ பகுதிக்குப் போனது. தேடிப் போனது வெள்ளைக் காண்டாமிருகம். அதன் வடக்கு இனத்திற்கு அறிவியல் பெயர் கிடைத்தே அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தெற்கு இனமோ தென்னாப்பிரிக்காவில் அழிவின் விளிம்பில் இருந்தது. இதை ரூஸ்வெல்ட் நன்கறிவார். அறிந்தும், தந்தை ஐந்தும் மகன் நான்குமாக ஒன்பது விலங்குகளை வீழ்த்தினார்கள். அழிவதற்குள் அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அக்கால அறிஞர் பலரின் எண்ணம். அவர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. வடக்கு இனத்தை அழித்தது இந்த ஒன்பது குண்டடிகள் அல்ல. 1960-இல் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த இனம், உள்நாட்டுப் போர்களாலும் கொம்புத் திருட்டாலும் 1984-இல் பதினைந்தாகக் குறுகியது. 2018 மார்ச்சில் கடைசி ஆண், சூடான் என்று பெயர், கென்யாவில் இறந்தது. நாஜின், ஃபாட்டு என்ற தாயும் மகளும் மட்டுமே எஞ்சின. ஃபாட்டுவின் முட்டைகளையும் உறையவைத்த விந்தையும் கொண்டு ஆய்வகத்தில் கருக்களை உருவாக்கி, தெற்கு இனப் பெண் காண்டாமிருகத்தின் வயிற்றில் வளர்க்க முயல்கிறார்கள்.

நூலுக்குத் திரும்புவோம். சுட்டுவிட்டு, எத்தனை சுட்டோம் என்று எழுதிய ரூஸ்வெல்ட், அந்தக் கரையில் எத்தனை உயிரோடு நின்றன என்று எண்ணி ஓர் அட்டவணை தரவில்லை. மூன்று இயற்கையியலாளர்கள் கூடவே இருந்தும்! அப்படி ஓர் எண்ணிக்கை இருந்திருந்தால், ஒன்பது தோல்களைவிட அதற்கு இன்று மதிப்பு அதிகம்.

ஆப்பிரிக்க மக்களைப் பற்றி அவர் எழுதும் தோரணையை நீங்கள் பொறுத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். சுமை தூக்கியவர்களைக் குழந்தைகள் என்பதும், கென்யாவின் மேட்டுநிலம் வெள்ளையருக்கே உரியது என்பதும் அந்தக் காலத்து ஆதிக்கப் பேச்சு. ஆயினும் ஒரு விந்தை. நூலிலேயே என்னை அதிகம் கவர்ந்த பக்கங்களில் அவர் சுடவே இல்லை. நந்தி வீரர்கள் கேடயமும் ஈட்டியுமாகச் சிங்கத்தை வளைத்துக் கொல்லும் காட்சியைக் குதிரைமேல் இருந்து வெறுமனே பார்க்கிறார். கையில் வேலை இல்லாதபோது கண் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது! (துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத என்னைப் போன்றவனுக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.)

வேட்டையை கென்யா அரசு 1977-இல் தடைசெய்துவிட்டது. நூலின் பதிப்புரிமைக் காலமும் முடிந்துபோனதால் தேடினால் எளிதில் கிடைக்கும். நடை எளிமையானது, ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவர்களும் முயலலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். நிறம் பற்றிய பின்னிணைப்பை முதலில் படியுங்கள். பிறகு வேட்டைப் பட்டியலை எடுத்து, ஏதாவது ஓர் அத்தியாயத்தில் தவறிய குண்டுகளையும் தப்பிய விலங்குகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே படியுங்கள். ரூஸ்வெல்ட்டும் ஹெல்லரும் சேர்ந்து 1914-இல் எழுதிய 'ஆப்பிரிக்க வேட்டை விலங்குகளின் வாழ்க்கை வரலாறுகள்' என்ற இரண்டு தொகுதி நூலும் உண்டு. விலங்கியல் படிப்போர்க்கு அதுவே கூடுதலாகப் பயன்படும்.