"எது குறைவோ அது": பாதியில் நிற்கும் ஒரு விதி

விண்டோஸ் சர்வரில் ஒரு ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும்போது இரண்டு இடத்தில் அனுமதி கொடுக்கிறோம். ஷேரிங் பக்கத்தில் ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், சொல்லிக்கொடுப்பவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "எது குறைவோ அது." நானும் அப்படித்தான் படித்தேன், நாலு பேருக்கு அப்படியே சொல்லியும் கொடுத்தேன். இப்போது அந்த வரியின் மேல் எனக்குப் புகார் உண்டு. தப்பு என்று சொல்லவில்லை, பாதிதான் சொல்கிறது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். யார் எத்தனை பண்டல் கட்டினார்கள் என்ற தினக்கணக்கு ஒரு ஷேர் ஃபோல்டரில் இருக்கும். எல்லாரும் பார்க்கலாம், கணக்குப் பிரிவு மட்டும் திருத்தலாம் என்பது ஏற்பாடு. அதற்காக செக்யூரிட்டியில் 'ஊழியர்' குழுவுக்கு ரீட், 'கணக்கு' குழுவுக்கு மாடிஃபை. ஆனால் கணக்குப்பிள்ளையால் சேவ் பண்ண முடியவில்லை. அவர் இரண்டு குழுவிலும் இருந்தார்.

பார்க்க வந்த பையனுக்கு அந்த ஒரு வரி தெரியும். ரீட், மாடிஃபை இரண்டில் குறைவானது ரீட், அதுதான் தடுக்கிறது என்று முடிவுகட்டி 'ஊழியர்' குழுவுக்கும் மாடிஃபை கொடுத்தான். சரியாகவில்லை. ஷேரிங் பக்கத்திலும் எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் போட்டான். சேவ் ஆகிவிட்டது, எல்லாருக்கும் சந்தோஷம். கூலி போடுகிற நாளில்தான் பண்டல் எண்ணிக்கை இடித்தது. எந்த மெஷினிலிருந்தும் யாரும் திருத்தலாம் என்று ஆகிவிட்ட ஃபைலில் யார் கை வைத்தது என்று எப்படிச் சொல்வது? ஆடிட்டிங்கும் போட்டு வைக்கவில்லை. பண்டலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு அந்த எண்தான் சம்பளம்.

நான் போனபோது கணக்குப்பிள்ளை ஒன்று சொன்னார். "தம்பி, முதல்லயே சர்வர் ரூம்ல போய் உக்காந்தா சேவ் ஆகத்தான் செஞ்சுது. என் டேபிள்லதான் ஆகமாட்டேன்னுச்சு." நோய் என்ன என்று அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஷேர் அனுமதி நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு மட்டும். சர்வரிலேயே உட்கார்ந்து டிரைவைத் திறப்பவருக்கு என்டிஎஃப்எஸ் அனுமதி மட்டும்தான். அங்கே ஆகி, இங்கே ஆகவில்லை என்றால் தடை ஷேரில். பார்த்தால் அதேதான்: ஷேரில் முதலில் இருந்தது எவ்ரிஒன், ரீட். அதை யாரும் வைக்கவில்லை. விண்டோஸ் 2000 வரை புதிய ஷேருக்கு எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் தானாக வரும். சர்வர் 2003-லிருந்து அது ரீட் ஆகிவிட்டது.

அப்படியானால் முழு விதி என்ன? பள்ளிக்கூடத்தில் கணங்கள் பாடத்தில் சேர்ப்பு, வெட்டு என்று படித்தோமே, இரண்டுமே இங்கே வேலை செய்கின்றன. ஒரே அடுக்குக்குள் சேர்ப்பு: ஒருவர் எத்தனை குழுவில் இருக்கிறாரோ, அத்தனை குழுவின் அனுமதியும் கூடும். ரீட்டும் மாடிஃபையும் சேர்ந்தால் மாடிஃபைதான். இரண்டு அடுக்குக்கு நடுவில்தான் வெட்டு: ஷேரில் கூட்டி வந்ததும் என்டிஎஃப்எஸ்ஸில் கூட்டி வந்ததும் எதில் ஒத்துப்போகிறதோ, அது மட்டும் கிடைக்கும். "எது குறைவோ அது" என்பது இந்த இரண்டாவது படி. முதல் படியைச் சொல்லாமல் விட்டதால் பையன் அதை முதல் படியிலேயே போட்டுப் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டினை என்று ஒன்று இருக்கிறது. அது கூட்டலை உடைக்கும். அதிலும் "டினை எப்போதும் ஜெயிக்கும்" என்பது இன்னொரு பாதி உண்மை. ஃபைல் மேல் நேரடியாகக் கொடுத்த அலவ், மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வந்த டினையை ஜெயித்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் மேலும் குறை உண்டு. ஃபேட் டிஸ்க்கில் ஃபைலுக்கென்று அனுமதியே கிடையாது. அங்கே ஷேர் ஒன்றுதான் காவல். 1993-ல் விண்டோஸ் என்டி 3.1-உடன் என்டிஎஃப்எஸ் வந்த பிறகும் பழைய காவல் அப்படியே நின்றுவிட்டது. எக்ஸ்பி, 2003 காலத்து எஃபெக்டிவ் பெர்மிஷன்ஸ் பக்கமோ ஷேரைக் கணக்கிலேயே எடுக்காது. பார்த்தால் மாடிஃபை என்று காட்டும், சேவ் பண்ணினால் ஆகாது.

அந்த ஆபீஸில் செய்தது சின்ன வேலை. ஷேரில் ஃபுல் கன்ட்ரோலை எடுத்து, உள்ளே லாகின் ஆனவர்களுக்கு சேஞ்ச். செக்யூரிட்டியில் 'ஊழியர்' மறுபடி ரீட், 'கணக்கு' மாடிஃபை. பூட்டு எல்லாம் ஒரே இடத்தில். ஷேர் வெறும் வாசல். முதல் நாளே தேவைப்பட்டது ஷேரில் அந்த ஒரு டிக்தான்.

இனி சொல்லிக்கொடுக்கும்போது நான் இப்படித்தான் சொல்வேன்: உள்ளே கூட்டு, நடுவில் வெட்டு. ஒரு வரி போதும் என்றால் அந்த வரி முழுசாக இருக்கட்டும்.