நாகரிகத்தின் எதிர்காலம்: இராதாகிருஷ்ணனின் 'கல்கி' பற்றிய ஒரு திறனாய்வு

திருத்தணி என்றவுடன் முருகன் கோயில் கொண்ட மலையும், ஆண்டின் நாள்களுக்கு ஒப்பாக எண்ணப்படும் அதன் 365 படிகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. இறையியல் மாணவர் அவ்வூரை வேறொரு காரணம்பற்றியும் அறிந்திருத்தல் நலம். 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் அது. திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீசு கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்று மிஷனெரிமார் கூறிவந்த குற்றச்சாட்டே 1908இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வுரைக்கு வித்திட்டது. ஆகவே அவருடைய நூலை ஆராயும்போது நாம் அயலார் ஒருவரின் கருத்தை ஆராயவில்லை. நம் வகுப்பறைகளில் தொடங்கிய உரையாடலின் மறுபாதியையே கேட்கிறோம்.

அவருடைய பெருநூல்களைப் பயில்வோர் பெரும்பாலும் கடந்துசெல்லும் சிறுநூல் ஒன்றுண்டு. 1929இல் இலண்டனில் வெளியான 'கல்கி அல்லது நாகரிகத்தின் எதிர்காலம்' என்பதே அது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய செய்தி நாள்தோறும் வந்தவண்ணமிருக்கும் இக்காலத்தில் அதனை மீண்டும் வாசிப்பது பயனுடையது என்று கருதுகிறோம்.

நூலின் பின்னணி

முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் 'இன்றும் நாளையும்' என்னும் நூல்வரிசை ஒன்று தொடங்கிற்று. உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1923இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரை 'டீடலஸ்' என்னும் பெயரில் அதில் வெளிவந்தது. அறிவியல் மனித வாழ்வை அடியோடு மாற்றும் என்று அவர் துணிந்து கூறினார். 1924இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 'இக்காரஸ்' என்னும் நூலால் அதற்கு மறுமொழி அளித்தார். அறிவியல் மக்களை மகிழ்விப்பதற்கன்றி, ஆதிக்கம் உடையோரின் வலிமையைப் பெருக்குவதற்கே பயன்படும் என்று அவர் அஞ்சினார். இந்த உரையாடலில் இந்தியர் ஒருவர் தம் கருத்தை உரைத்ததே 'கல்கி'. அவ்வரிசை நூல்கள் பலவும் கிரேக்கப் புராணப் பெயர்களைத் தாங்கி நிற்க, இவர் கலியுக முடிவில் வெண்குதிரையேறி வாளேந்தி வரும் அவதாரத்தின் பெயரைத் தேர்ந்தார்.

நூலின் வாதம்

அறிவியலும் பொறியும் உலகைப் புறத்தளவில் ஒன்றாக்கிவிட்டன. ஆனால் அகத்தளவில் மனிதர் ஒன்றுபடவில்லை. இதுவே நூலின் மையக் கருத்து. சமயம், குடும்பம், பொருளாதாரம், அரசியல், நாடுகளுக்கிடையிலான உறவு ஆகிய துறைகளில் ஏற்பட்டுள்ள சிதைவை அவர் வரிசையாக ஆராய்கிறார். அறிவியலை அவர் பழிக்கவில்லை. காந்தியடிகள் 1909இல் எழுதிய 'இந்து சுயராஜ்யம்' இயந்திரத்தின்மீது தொடுத்த கடுந்தாக்குதலை இந்நூலில் காண்பதற்கில்லை. அறிவு வளர்ந்த அளவிற்கு ஆன்மா வளரவில்லை என்பதே அவர் காணும் நோய். ஆன்மிக மறுமலர்ச்சியே அவர் கூறும் மருந்து.

நோயின் இக்கணிப்பு பெரிதும் சரியானதென்பதை மறுப்பதற்கில்லை. கைபேசியால் கணப்பொழுதில் இணையும் மக்கள், அதே கணப்பொழுதில் பகைமையையும் பரப்புவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். ஆயினும் மருந்தைப் பற்றி நமக்கு ஐயம் எழுகிறது.

மதிப்பீடு

அவர் பிறந்த ஊரின் சுற்றுப்புறத்தையே எடுத்துக்கொள்வோம். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர். கே. பேட்டை முதலியவை தமிழும் தெலுங்கும் வழங்கும் எல்லைப்புற நெசவூர்கள். அங்கே கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தது. அது முற்றிலும் தீமை என்று கூறுவது நேர்மையாகாது. உடலுழைப்பின் கடுமை குறைந்தது, ஏழைக்கு மலிவான துணி கிடைத்தது. ஆனால் கைத்தறியையே நம்பியிருந்தவன் தன் துணியை எவ்விலைக்கு விற்பான்? பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்விப்பவருக்கும் கூலிக்கு நெய்பவருக்கும் இடையே புதிய பொறியின் பயன் எவ்வாறு பங்கிடப்பட்டது? இவ்வினாக்களுக்கு ஆன்மாவின் உறக்கம் ஒன்றே விடையாகாது. நூல் விலை, கடன், சந்தை, சட்டம் ஆகியவையும் விடையின் பகுதிகளே. கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கி 1985இல் நடுவண் அரசு சட்டமியற்றியதும், முதலில் 22ஆக இருந்த அவ்வகைகள் பின்னர் 11ஆகக் குறைந்ததும், பொறியின் போக்கு உள்ளத்தில் மட்டுமன்றி ஆட்சிமன்றத்திலும் முடிவாகிறது என்பதற்குச் சான்று.

இங்கேதான் ரஸ்ஸலின் வினா இராதாகிருஷ்ணனிடம் போதிய இடம் பெறவில்லை என்கிறோம். யார் கையில் அதிகாரம்? யார் தலையில் சுமை? யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தில் வைக்கோல் நிறுத்தப்பட்டும் செங்கல் கணக்கு குறைக்கப்படவில்லை. அடிமைகளின் உள்ளம் பக்குவப்படட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை; பார்வோனை எதிர்கொள்ள மோசேயை அனுப்பினார். கல்கி என்னும் பெயரிலேயே நியாயத்தீர்ப்பு அடங்கியுள்ளது; நூல் கூறும் தீர்விலோ அது மங்கிவிடுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தின் வெண்குதிரை வீரரை அறிந்த நாம் இக்குறையைக் காணாதிருக்க இயலாது.

ஆயினும் எதிர்ப்பக்கத்தையும் கூறவேண்டும். செங்கற்சூளையினின்று விடுதலை பெற்ற அதே மக்கள் 32ஆம் அதிகாரத்தில் பொன் கன்றுக்குட்டியை வார்த்தனர். அமைப்பு மாறினால் போதும் என்போருக்கு இராதாகிருஷ்ணனின் எச்சரிக்கை இன்றும் தேவை.

நமக்குரிய பாடம்

அவரைக் குறைகூறும் தகுதி நமக்குண்டா என்பதே இறுதி வினா. நம் பிரசங்க பீடங்களில் புதிய தொழில்நுட்பம் ஒன்று பேசப்படும்போது கேட்பது பெரும்பாலும் இரண்டு குரல்களே. ஒன்று, அதனை மிருகத்தின் முத்திரை என அஞ்சுகிறது; மற்றொன்று, நற்செய்தி பரவ வந்த வாய்ப்பு எனப் போற்றுகிறது. இரண்டுமே வேலை இழப்பவனைக் காண்பதில்லை. இராதாகிருஷ்ணனாவது குடும்பத்தையும் பொருளாதாரத்தையும் அரசியலையும் ஆராய்ந்தார். நாமோ அந்த அளவிற்கும் செல்வதில்லை.

1979 ஜூலையில் உலகத் திருச்சபைகள் மன்றம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கூட்டிய மாநாடு, விசுவாசத்தையும் அறிவியலையும் எதிர்காலத்தையும் ஒருசேர ஆராய்ந்தது. நம் நாட்டவரான பவுலோஸ் மார் கிரகோரியோஸ் அதற்குத் தலைமை தாங்கினார். நீதியும் பங்கேற்பும் நிலைபேறும் உடைய சமுதாயம் என்னும் குறிக்கோள் அந்நாள்களில் திருச்சபைகளின் முன் வைக்கப்பட்டது. அதில் 'பங்கேற்பு' என்னும் சொல் நம் சிந்தனைக்குரியது. பொறியினால் பாதிக்கப்படுவோர் அப்பொறியைப் பற்றிய முடிவிலும் பங்குபெறவேண்டும் என்பதே அதன் பொருள். 'கல்கி'யில் நாம் தேடிக் காணாதது இதுவே.

ஆகவே செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பிரசங்கிக்க விரும்பும் ஆயர், முதலில் தம் சபையிலுள்ள நெசவாளியையும், தட்டச்சுப் பணி செய்யும் பெண்ணையும், வேலை தேடும் பட்டதாரியையும் சந்தித்துவரட்டும். உள்ளம் புதிதாகவேண்டும் என்பதை இராதாகிருஷ்ணனோடு சேர்ந்து அவர் உரைக்கலாம். ஆனால் கூலிக் கணக்கும் நேர்மையாகவேண்டும் என்பதையும் அதே பீடத்தினின்று உரைப்பாராக.