நூறு ஆட்டம் போதுமா?

செஸ் இன்ஜின்கள், அதாவது செஸ் ஆடும் கணினி நிரல்கள், மோதும் டிசிஇசி தொடரில் 2019 பிப்ரவரியில் முடிந்த 14-வது சீசனின் இறுதிப் போட்டி முடிவு இது: ஸ்டாக்ஃபிஷ் 50.5, லீலா 49.5. மொத்தம் நூறு ஆட்டம். ஸ்டாக்ஃபிஷுக்குப் பத்து வெற்றி, ஒன்பது தோல்வி. மீதி 81 ஆட்டமும் டிரா. கோப்பை ஸ்டாக்ஃபிஷுக்குப் போனது, அது நியாயமும்கூட. விதிப்படி அரைப் புள்ளி கூடுதலாக எடுத்தாலும் பட்டம்தான். ஆனால் இரண்டில் எது பலமான செஸ் இன்ஜின் என்ற கேள்விக்கு அந்த நூறு ஆட்டம் பதில் சொல்லவே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரே இன்ஜினின் இரண்டு பிரதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, நூறில் 81 டிரா ஆகும்படி ஆடவிட்டால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஒரு பக்கத்தின் மதிப்பெண் சுமார் 46-க்கும் 54-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம். 50.5 அந்த எல்லையின் நட்ட நடுவில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, 15-வது சீசனில் லீலா 53.5-46.5 என்று ஜெயித்தது. பலரும் அதைப் பெரிய திருப்புமுனையாகக் கொண்டாடினார்கள். அதுவும் அதே எல்லைக்குள்தான். 17-வது சீசனில் லீலா 52.5, 18-வதில் ஸ்டாக்ஃபிஷ் 53.5. பட்டம் இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்ததைப் பார்த்தால், அன்றைக்கு இரண்டும் ஏறக்குறைய சமபலத்தில் இருந்தன என்பதுதான் நேர்மையான வாசிப்பு.

அப்படியானால் ஆயிரம், பத்தாயிரம் ஆட்டம் வைக்க வேண்டியதுதானே? இங்கேதான் நேரம் குறுக்கே நிற்கிறது. ஆளுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் ஒரு ஆட்டம் நான்கு மணி நேரம் வரை இழுக்கும். நூறு ஆட்டத்துக்கு நானூறு மணி நேரம். இரவு பகல் நிற்காமல் ஓட்டினாலும் பதினேழு நாள். பத்தாயிரம் ஆட்டம் என்றால் நாலரை ஆண்டு. அதற்குள் சோதித்த இன்ஜின் பழங்கதையாகிவிடும்.

ஆகவே இன்ஜினை உருவாக்குகிறவர்கள் வேகத்தை நம்புகிறார்கள். ஸ்டாக்ஃபிஷின் சோதனைக்கூடமான ஃபிஷ்டெஸ்ட் 2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கியது. உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கணினிகளை அதற்குக் கொடுக்கிறார்கள். நிரலில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும், முதலில் ஆட்டத்துக்குப் பத்து விநாடி, நகர்வுக்கு 0.1 விநாடி கூடுதல் என்ற வேகத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் அது தேற வேண்டும். தேறினால் அடுத்தது அறுபது விநாடி, 0.6 கூடுதல். அவர்கள் அகராதியில் அதுவே ‘நீண்ட’ நேரக் கட்டுப்பாடு. மனிதர்களுக்கு அது புல்லட் ஆட்டம்! லீலாவை 2018-இல் தொடங்கியவரும் இதே லின்ஸ்காட்தான் என்பது இந்தக் கதையின் அழகு. அந்த ஆண்டு டிசிஇசியின் நான்காம் பிரிவில் கடைசி இடம் பிடித்த இன்ஜின், அடுத்த ஆண்டே இறுதிப் போட்டிக்கு வந்து நின்றது.

வேகச் சோதனையில் ஒரு ஆபத்து உண்டு. சில நகர்வுக் கிளைகளைத் துணிந்து வெட்டிவிட்டு ஆழமாகத் தேடும் உத்தி, பத்து விநாடி ஆட்டத்தில் லாபம் தரலாம். இரண்டு மணி நேர ஆட்டத்தில் வெட்டிய கிளையிலேயே தோல்வி ஒளிந்திருக்கலாம். மறுபுறம், பெரிய நரம்பு வலைப்பின்னல் ஒவ்வொரு நிலையையும் எடைபோட அதிக நேரம் எடுக்கும். வேக ஆட்டத்தில் அது சுமை, நேரம் கூடக்கூட அதுவே பலம். மெதுவான ஆட்டத்தில் சோதிக்காமல் இவற்றை அறிய வழியில்லை. டீப்மைண்ட் நிறுவனத்தின் செஸ் நிரலான ஆல்ஃபாஜீரோவின் விவகாரம் நினைவிருக்கும். 2017 டிசம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 28 வெற்றி, 72 டிரா என்று வீழ்த்தியதாக டீப்மைண்ட் அறிவித்தபோது, நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற நிலையான நேரமும் ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்த குறைந்த நினைவகமும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. 2018-இல் ஆளுக்கு மூன்று மணி நேரம், நகர்வுக்கு 15 விநாடி கூடுதல் என்று ஆயிரம் ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். 155 வெற்றி, 6 தோல்வி, 839 டிரா. விவாதத்தின் தொனியே மாறியது. எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுத்து ஜெயித்தால்தான் வெற்றிக்கு மதிப்பு.

ஆனால் நேரம் கூடினால் டிராவும் கூடும். தொடக்க நிலையிலிருந்து தாமாக ஆடவிட்டால் இன்றைய முன்னணி இன்ஜின்கள் கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்தையும் சமனில் முடித்துவிடும். அதனால் முதல் சில நகர்வுகளை வெளியிலிருந்து ஒருவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். டிசிஇசி இறுதிப் போட்டிகளுக்குப் பல ஆண்டுகளாக இதைச் செய்பவர் நெதர்லாந்தின் ஜெரூன் நூமன். பெரும்பாலும் வெள்ளைக்குச் சாதகமாக, ஆனால் வெற்றி உறுதியாகாத அளவுக்குச் சாய்ந்த தொடக்கங்கள் அவை. எடைக்கல்லை எவ்வளவு வைத்தால் தராசு ஆடும் என்று பார்க்கிற நுணுக்கமான வேலை. சாய்வு குறைந்தால் டிரா. மிஞ்சினால் யார் வெள்ளையோ அவர் வெற்றி. அதே தொடக்கம் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடப்படும்.

என்னைக் கேட்டால், மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு இந்த ஜோடிகளைத்தான் எண்ண வேண்டும். இரண்டு இன்ஜினும் வெள்ளையில் ஜெயித்தால் 1-1. அந்த ஜோடி எதையும் சொல்லவில்லை, தொடக்கம் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவே. ஒன்று வெள்ளையில் ஜெயித்து, அதே நிலையைக் கருப்பில் காப்பாற்றினால், அங்கேதான் பலம் தெரிகிறது. தொடக்கம் கொடுத்த வெற்றிகள் ஒன்றையொன்று அடித்துவிடுவதால், ஜோடிக் கணக்கில் அதிர்ஷ்டத்தின் பங்கும் குறைகிறது. ஃபிஷ்டெஸ்டும் ஜோடியாகத்தான் கணக்கிடுகிறது.

கிராண்ட்மாஸ்டர்கள் குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடும்போது திரையோரத்தில் ஏறி இறங்கும் இன்ஜின் மதிப்பீட்டு எண்ணுக்கும் இந்த நேரக் கணக்கோடு சம்பந்தம் உண்டு. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், +1 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று பொருள் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் அந்த நிலையிலிருந்து ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். எந்த வேகத்தில்? அதே அறுபது விநாடி, 0.6 கூடுதலில். மணிக்கணக்கில் யோசிக்கும் இரு இன்ஜின்களிடம் அதே +1 டிராவாகக் கரைந்து போகக்கூடும்.

நேரத்தைத் தாண்டி, இயந்திரச் சமநிலை இன்னும் தீராத சிக்கல். ஸ்டாக்ஃபிஷ் சாதாரணச் செயலியில் ஓடும், லீலாவுக்கு கிராபிக்ஸ் அட்டை வேண்டும். ஒன்று விநாடிக்குக் கோடிக்கணக்கில் நிலைகளைப் பார்க்கும், மற்றது அதில் சிறு பங்கை மட்டும். இரண்டையும் எந்த அளவுகோலால் சமப்படுத்துவது? விலையா, மின்செலவா? எதைத் தேர்ந்தாலும் யாருக்காவது சாதகம். எனவே எந்த முடிவையும் ‘இந்த இயந்திரத்தில், இந்த நேரத்தில்’ என்ற அடைமொழியோடு படிப்பதே சரி.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மெதுவான ஆட்டங்களை நான் விடாமல் பார்க்கிறேன். ஒரே நிலையை ஒரு இன்ஜின் 0.00, அதாவது சமம், என்கிறது, எதிரே உள்ளது தனக்கு நல்ல சாதகம் என்கிறது. அடுத்த இருபது நகர்வு அந்தக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பிறகு ஒன்றின் எண் மெல்ல இறங்கத் தொடங்குகிறது. அது எந்த நகர்வில் இறங்கியது என்று பின்னோக்கிப் போய்த் தேடினால், ஒரு இன்ஜினின் பார்வையில் படாமல் போனது எது என்று பிடிபடும். பத்து விநாடி ஆட்டங்கள் எத்தனை லட்சம் சேர்ந்தாலும் பலத்தை அளக்கும் எலோ எண்ணைத்தான் கொடுக்கும், இதைக் கொடுக்காது.