தொட்டிக்கு இந்தப் பக்கம்

ஆக்ஸலாட்டலுக்கு இமை கிடையாது. இரண்டு வருடம் நான்கு மாதம் ஒன்றை வளர்த்த எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் அந்தக் காலையில் தொட்டிமுன் நின்றபோது முதலில் அதனால்தான் ஏமாந்தேன். கண் திறந்திருந்தது. கருப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி மெல்லிய பொன் வளையம், வழக்கமாகப் படுக்கும் பிவிசி குழாய்க்குப் பக்கத்தில் வழக்கமான அதே படுக்கை. செவுள் மட்டும் அசையவில்லை. கையை விட்டுத் தொட்டேன். உடம்பு தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணை மூடிவிடலாம் என்று விரல் தானாகப் போனது. மூடுவதற்கு ஒன்றும் இல்லை.

அம்மா பின்னால் வந்து நின்றாள். அவள் அதைக் கடைசிவரை ‘தண்ணிப் பல்லி’ என்றுதான் கூப்பிட்டாள். “நேத்து ராத்திரி கூடப் புழு சாப்டுச்சே. என்னடி குறை வெச்சோம் அதுக்கு?”

இதை நான் எழுதக் காரணம் ஒரு கதை. ஹூலியோ கொர்த்தஸாரின் ‘ஆக்ஸலாட்டல்’. 1956இல் வந்த அவருடைய தொகுப்பில் இருப்பது. அதைப் படித்த மயக்கத்தில்தான் இந்தப் பிராணியை வாங்கினேன் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. சென்னை வெயிலில் 18 டிகிரி தண்ணீர் கேட்கும் ஒரு ஜீவனை, சிறுகதை ஒன்று பிடித்துப்போனதற்காக வீட்டுக்குக் கொண்டுவருவது என்ன மாதிரியான வாசிப்பு?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பாரீஸில் ஜார்தான் தே பிளாந்த் தோட்டத்துக்குச் சிங்கம், சிறுத்தை பார்க்கப் போகும் ஒருவன், அன்று அவை எதுவும் ஒட்டாமல் மீன்காட்சி சாலைக்குள் நுழைகிறான். ஒரு தொட்டியில் ஒன்பது ஆக்ஸலாட்டல்கள். தினமும் வரத் தொடங்குகிறான். கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்க்கிறான், பார்க்கிறான், ஒரு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது தன் முகம் என்று காண்கிறான். அவன் ஆக்ஸலாட்டல் ஆகிவிட்டான். இந்த முடிவைக் கதை ஒளித்து வைப்பதில்லை. முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறது. அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

செத்த அன்று கதை நினைவுக்கு வரவில்லை. டெஸ்ட் கிட்டை எடுத்தேன். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் இருக்க வேண்டிய அளவில். சில்லர் 18 காட்டியது. இன்னொரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன், அதுவும் 18. நலமில்லாத ஆக்ஸலாட்டல் செவுளை முன்பக்கமாக மடக்கும், வால் நுனியைச் சுருட்டும், சாப்பிடாது. ஒன்றுமே நடக்கவில்லை. பத்து, பதினைந்து வருடம் வாழ வேண்டிய பிராணி. விஷயம் சொன்ன எல்லோரும் கேட்ட முதல் கேள்வி “தண்ணி செக் பண்ணியா?” அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனால் காரணம் என் கையில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவு அந்தக் கேள்விக்குள் ஏற்கனவே இருந்தது.

தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் போனில் சொன்னார்: “ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம். உறைஞ்சா திசு கெட்டுடும். சீக்கிரம் ஆள் கிடைச்சா அறுத்துப் பார்க்கலாம்.” ஈரிழைத் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்தேன். தோசை மாவுக்குப் பின்னால் இரண்டு நாள் இருந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாவை மட்டும் கீழ்த்தட்டுக்கு மாற்றினாள். பார்க்க ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடித் தொட்டியில், செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தோம். காரணம் அதோடு போயிற்று.

அதற்கு அப்புறம்தான் கதையைத் திரும்ப எடுத்தேன். கோபமாகத்தான் படித்தேன். அந்தத் தொட்டியின் தண்ணீர் எத்தனை டிகிரி? யார் மாற்றுகிறார்கள்? பார்க்கிற கண் கதை முழுக்க இருக்கிறது, வேலை செய்கிற கை எங்கும் இல்லை. குறுகலான தொட்டி, அசைந்தால் இன்னொன்றின் வாலிலோ தலையிலோ இடிக்கும் என்று கதைசொல்லி சொல்கிறான். அப்படி நெருக்கினால் இவை ஒன்றின் கையை ஒன்று கடித்துவிடும். வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது இருக்கிற குறுகிய தொட்டியில் எல்லாவற்றுக்கும் நான்கு கால் முழுசாக இருக்குமா? மிகையதார்த்தக் கதையில் இதைக் கேட்பது அபத்தம்தான். ஆனால் கதை முடியும்வரை ஒன்பதில் ஒன்றுகூடச் சாவதில்லை என்பதைக் கவனித்தபோது அபத்தமாகத் தோன்றவில்லை. அவனுக்கு அவை தேவைப்படுவது காலமற்ற, அஸ்டெக் முகம் கொண்ட ஒரு மௌனமாக. மௌனத்துக்கு அம்மோனியா ஏறாது.

கொர்த்தஸார் மட்டும் இல்லை. இந்தப் பிராணியைத் தொட்ட எல்லோரும் அதைச் சாகாத ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வெட்டினால் கால் வளரும், வால் வளரும், தண்டுவடம் வளரும், இதயத்தின் ஒரு துண்டுகூட வளரும். சாகும்வரை லார்வா, நித்திய குழந்தை. மெக்சிகோவின் ரோஜர் பார்த்ரா 1987இல் எழுதிய புத்தகத்தில் தன் நாட்டு அடையாளம் பற்றிய கட்டுக்கதைகளைப் பேச இதையே உருவகமாக வைத்தார். அந்த உருவகங்களுக்கு நடுவே சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6000 இருந்தவை 2014இல் 36 ஆயின.

பாரீஸுக்கு இவை வந்த கதையும் இதில் சேரும். 1864இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்ஸலாட்டல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஆறு அகுஸ்த் துமேரில் என்ற விலங்கியலாளர் கைக்கு வந்தன. கொர்த்தஸாரின் நாயகன் சைக்கிளில் போய் நிற்கும் அதே தோட்டத்தில் அவை முட்டையிட்டுப் பெருகின. இன்று ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருப்பவை பெரும்பாலும் அந்த வம்சம். என் தோசை மாவுக்குப் பின்னால் இருந்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சாவை மறக்காத கதைகளும் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் சஹாகுன் பாதிரியார் பதிவு செய்தது ஒன்று. சூரியன் நகர வேண்டுமானால் தேவர்கள் சாக வேண்டும் என்று முடிவாகிறது. ஷோலோட்ல் என்ற தேவன் மட்டும் முடியாது என்று அழுகிறான், கண் வீங்கும்வரை அழுகிறான். சோளக்காட்டுக்குள் ஓடி இரட்டைத் தண்டுச் சோளமாகிறான், கண்டுபிடித்துவிடுகிறார்கள். இரட்டைக் கற்றாழையாகிறான், அங்கேயும். கடைசியில் தண்ணீரில் குதித்து ஆக்ஸலாட்டல் ஆகிறான். அங்கேதான் பிடித்துக் கொல்கிறார்கள். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். “அவ்ளோ பயந்த புள்ளைய விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல” என்றாள்.

இன்னொன்று பிரைமோ லெவியின் ‘தேவதை வண்ணத்துப்பூச்சி’, 1966இல் வெளியான தொகுப்பில் இருக்கிறது. ஆக்ஸலாட்டலைப் போல மனிதனும் முதிராத லார்வாதான், முதிர்ந்தால் தேவதையாவான் என்று நம்பும் ஒரு நாஜி விஞ்ஞானி நான்கு பேரை மாற்றிப் பார்க்கிறான். கிடைப்பது அருவருப்பான, கழுகு போன்ற பறவைகள். கதை தொடங்குவது அதற்குப் பிறகு, போர் முடிந்த பெர்லினில். நேச நாட்டு அதிகாரிகள் ஒரு நாறும் அறையில் எலும்புகளைப் பொறுக்குகிறார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணை விசாரிக்கிறார்கள். பசியில் தெருக்காரர்கள் அவற்றை அடித்துத் தின்றுவிட்டார்கள் என்று பதில் கிடைக்கிறது. முன்பு இதைக் கொர்த்தஸாருக்கு ஒரு படி கீழே வைத்திருந்தேன். இந்த முறை படித்தபோது அந்த விசாரணை மீது எனக்குப் பொறாமை வந்தது. அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

கொர்த்தஸாரை விட்டுவிடலாம் என்று நினைத்தபோதுதான் கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். நாம் அந்தக் கதையை எப்போதும் உருமாற்றக் கதையாகவே படிக்கிறோம். மாறிய பிறகும் அது ஒரு பக்கம் நீள்கிறது. இப்போது பேசுவது தொட்டிக்குள் இருப்பது. வெளியே அந்த மனிதன் இன்னும் இருக்கிறான். முதலில் அடிக்கடி வருகிறான், பிறகு குறைகிறது, வாரக்கணக்கில் காணவில்லை. ஏன் என்று உள்ளே இருப்பதற்குத் தெரியாது. கேட்க வழியில்லை. அவன் இப்போது என்ன நினைக்கிறான், பழசு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஊகிக்கிறது. தன்னைப் பற்றி அவன் ஒரு கதை எழுதுவான் என்று நினைத்துத் தேற்றிக்கொள்கிறது.

காரணம் சொல்லாமல் போன ஒன்றைப் பற்றிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஊகிப்பதைத்தானே டெஸ்ட் கிட்டை வைத்துக்கொண்டு நான் செய்தேன்? கதையில் சாவு இல்லை என்ற என் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறவில்லை. தண்ணீர் மாற்றும் கை இல்லை என்பதையும்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவன் வராமல் போவதை அது இவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறது என்பதை, மயங்கிப் படித்த நாட்களில் நான் கவனிக்கவே இல்லை. அந்தக் கடைசி ஆறுதல் மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. எழுத்தாளன் தன் தொழிலுக்குத் தானே கொடுத்துக்கொண்ட சலுகை மாதிரி இருக்கிறது.

தொட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. “கரண்ட் பில் ஏறுது, அந்த மிஷினை எப்ப நிறுத்தப்போற?” என்று அம்மா நேற்றும் கேட்டாள். ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு 18 டிகிரி தேவையில்லை என்று அவளுக்குத் தெரியாது.