புதைத்து வைத்த படங்கள்

ஒரே காட்சியைச் சற்றே விலகிய இரண்டு கோணங்களில் எடுத்து, அட்டையில் பக்கத்தில் பக்கம் ஒட்டி, ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தால் படத்துக்கு ஆழம் வந்துவிடும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நயாகராவும் யோஸெமிட்டியும் அமெரிக்க வீட்டுக் கூடங்களுக்குள் இப்படித்தான் நுழைந்தன. அழகுதான், இரண்டாம் தடவை பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

1862 செப்டம்பரில் ஆன்டீட்டம் போர்க்களத்தில் அலெக்ஸாண்டர் கார்ட்னர் எடுத்தவை வேறு ஜாதி. வேலியோரத்துப் பிணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. 1861-ல் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய கருவியை அமைத்துத் தந்த டாக்டர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், காயமுற்ற மகனைத் தேடிப் போய் அந்தக் களத்தையே கண்டவர். படங்களைப் பார்த்ததும் அலமாரிக்குள் புதைத்துவிட்டதாக 1863-ல் எழுதினார். அவற்றுக்கு இதைவிட நேர்மையான விமரிசனம் இல்லை. நானும் மூடி வைத்தேன். மறுநாளே மறுபடி எடுத்தேன்.