பரணிலிருந்து இறங்கிய கணினி

ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து புரோட்டோன் சாகா மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கியது 1985ஆம் ஆண்டில். கணினியில் தமிழ் எழுதுவதற்கான 'முரசு' மென்பொருளின் பணியை மலேசியரான முத்து நெடுமாறன் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முன்னதை நாடே அறிந்தது. பின்னதன் ஓசை அன்று வெகுதொலைவு கேட்கவில்லை. அக்காலத்து வீட்டுக் கணினிகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி மீண்டும் இயக்கிப் பார்க்கும் ஆர்வம் இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. தமிழ் அறிந்தோர் அவ்வார்வத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலுமா?

1982இல் வெளிவந்த கொமடோர் 64 என்னும் பொறியையே சான்றாகக் கொள்ளலாம். விசையை அழுத்திய சில நொடிகளில் நீலத் திரை தோன்றும். கட்டளைக்குக் காத்திருப்பதாகப் பொறி அறிவிக்கும். 65,536 பைட்டு நினைவகத்தில் பேசிக் மொழியில் எழுதுவோர்க்கு எஞ்சியவை 38,911. கணினிக்கும் மனிதனுக்கும் இடையே திரைச்சீலை ஏதுமில்லை. எண்களை மாற்றினால் நிறம் மாறும், ஒலி மாறும். கற்பவனை இயற்றுபவனாக்கிய இவ்வெளிமையே அதன் தலைசிறந்த பண்பு எனலாம். பல்லாண்டு கழித்துத் திரும்புவோர் நெகிழ்ந்து போவதில் வியப்பில்லை.

எனினும், அந்நெகிழ்ச்சி ஒன்றை மறந்துவிடுகிறது. அப்பொறி பேசியது ஆங்கிலம் மட்டுமே. அதன் எழுத்து ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துள் அடங்க வேண்டும். இரண்டு சுழி 'ன'வுக்கும் மூன்று சுழி 'ண'வுக்கும் உள்ள வேறுபாடு அச்சிறு கட்டத்தில் மங்கிப்போகும். எழுத்து வடிவங்களைப் பயனரே மாற்றியமைக்க அப்பொறி இடம் தந்தது உண்மை. ஆயினும், ஓரெழுத்துக்கு இரு கட்டங்கள் ஒதுக்கினால் வரிக்கு நாற்பது எழுத்து என்பது இருபதாகச் சுருங்கும். தமிழகத்தில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னா, றா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் கூட்டு வடிவங்களைப் பிரித்திராவிடின் இடர் இன்னும் மிகுந்திருக்கும். அச்சுக்கோப்பவர் நலன் கருதிப் பேசப்பட்ட அம்மாற்றம் கணினிக்கும் உதவியது என்பது ஆசிரியர்கள் வகுப்பறையில் சொல்லத்தக்க செய்தி.

ஆகவே, தமிழர் திரும்பிச் செல்ல வேண்டிய பழைய கணினி வேறொன்று. அது தமிழ் எழுத்துருக்கள் ஏற்றப்பட்டு, கதைகளும் கட்டுரைகளும் தட்டச்சாகிய ஐபிஎம் வகைக் கணினி. அழகில் அது கொமடோருக்கு ஈடாகாது. விளையாட்டு நினைவுகளும் குறைவு. ஆனால், அதன் நெகிழ்வட்டுகளில் உறங்குவது எழுத்து. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் வட்டுகளின் மீது பூஞ்சை படரும்; காந்தப் பூச்சு உதிரும். பழைய மின்வழங்கியோ அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைச் செலுத்திச் சில்லுகளைக் கருக்கிவிடவும் கூடும். சோதிக்காமல் விசையை அழுத்துவது அறிவுடைமையன்று.

வட்டு பிழைத்தாலும் எழுத்து பிழைத்துவிடாது. 1991இல் வெளியான ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அது புழக்கத்தில் வேரூன்றும்வரை எழுத்துருவுக்கொரு குறியேற்றம் ஆண்டது. எழுத்துரு தொலைந்தால், சிறுகதை பொருளற்ற இலத்தீன் குறிகளாய்க் காட்சி தரும். குறிகளை ஒன்றுக்கொன்று மாற்றினால் போதும் என்பாரும் உளர், அது போதாது. 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கிறது. பழைய எழுத்துருக் கோப்புகளில் அது 'க'வுக்கு முன்னரே பதிவாகியிருக்கும். ஒருங்குறியிலோ 'க'வுக்குப் பின்னரே வரும். வரிசையைத் திருப்பாமல் மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கொ', 'கௌ' ஆகியவற்றில் இருபுறமும் துண்டுகள் நிற்பதால் சிக்கல் இரட்டிக்கும். அதிலும் 'கௌ'வின் ஈற்றுத் துண்டு உண்மையில் ஔகாரக் குறியா, 'ள' என்னும் தனியெழுத்தா என்பதைப் பொறி அறியாது. அதைத் தமிழ் படித்த ஒருவரே சொல்லின் பொருள் நோக்கித் தீர்க்க வேண்டும். மூலக் கணினி இன்னும் இயங்குமாயின், அதன் திரையையும் மாற்றிய பக்கத்தையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிடலாம். பரணிலிருந்து அதை இறக்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.