ஒற்றைக் கையில் மடங்குமா?

விளம்பரத்தில் வரும் அம்மாவுக்கு எப்போதும் ஒரு கை சும்மா இருக்கிறது. அந்தக் கையால் பட்டனை அழுத்துகிறார். ஸ்ட்ரோலர் சட்டென்று மடங்கித் தோளில் தொங்குகிறது. என் ஒரு கையில் ஒன்றரை வயதுப் பையன் இருப்பான், இன்னொரு கையில் நான்கு வயதுக்காரியின் மணிக்கட்டு இருக்கும். அதனால் 'கேபின் சைஸ்' ஸ்ட்ரோலர் வந்து இறங்கியதுமே, பையனை இடுப்பில் வைத்தபடி வீட்டு ஹாலில் மடக்கிப் பார்த்தேன். ஏழாவது தடவைதான் மடங்கியது. பட்டனை அழுத்திக்கொண்டே கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இரண்டையும் ஒரே கை செய்வதற்குப் பழக்கம் வேண்டும், கொஞ்சம் கட்டைவிரல் பலமும் வேண்டும்.

இந்த வகையில் பெயர் வாங்கியது பிரான்ஸின் பேபிசென் யோயோ. மடக்கினால் 52×44×18 செ.மீ. என்னுடையது அந்தச் சாயலில் வந்த விலை குறைந்த சரக்கு, பிராண்ட் பெயர் இங்கே வேண்டாம். மடக்கிய அளவு ஏறக்குறைய அதேதான். பெட்டியில் எடை 6.2 கிலோ என்று அச்சிட்டிருந்தார்கள். லக்கேஜ் தராசில் தொங்கவிட்டால் 6.9 காட்டியது. மேல்விரிப்பையும் முன்கம்பியையும் கழற்றிவிட்டு நிறுத்திருப்பார்கள் போல.

'கேபின் சைஸ்' என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். சர்வதேச அளவில் சொல்லப்படும் 56×45×25 செ.மீ. கணக்கை வைத்து அப்படி எழுதுகிறார்கள். நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பரவலாக இருக்கும் வரம்பு 55×35×25 செ.மீ., 7 கிலோ. 44 செ.மீ. அகலம் 35-க்குள் எப்படி நுழையும்? நல்லவேளை, ஸ்ட்ரோலருக்குப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு போனால் டேக் ஒட்டிக் கீழே ஏற்றிவிடுகிறார்கள். தலைக்கு மேல் வைக்கத்தான் வாங்குகிறேன் என்றால் அதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

விமானம் பிடிக்கப் போகும்போது சென்னை நந்தனத்திலிருந்து மெட்ரோ. நீல வழித்தடம் என்பதால் எங்கும் மாற வேண்டாம், விமான நிலையத்திலேயே போய் இறங்கலாம். 2018-இல் நந்தனம் ஸ்டேஷன் திறந்ததிலிருந்து பகல் நேர விமானம் என்றால் எனக்கு வேறு யோசனையே வருவதில்லை. லிஃப்ட் இருக்கிறது, அகலமான கேட் இருக்கிறது, பெட்டியின் தரையும் பிளாட்ஃபாரமும் ஒரே மட்டம். முன்சக்கரங்கள் உள்ளங்கை அகலம்தான் என்பதால் இடைவெளியில் சிக்கிவிடாமல் பின்பக்கமாகத் திரும்பி ஏறினேன்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமான நானூறு மீட்டரில்தான் வண்டியின் குட்டு வெளிப்பட்டது. நடைபாதையில் ஒரு பைக், அடுத்து மின்சாரப் பெட்டி, அதற்கடுத்து மேலே தூக்கி நிற்கும் ஒரு கல். ஒவ்வொரு தடவையும் முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி முரண்டு பிடித்தது. கடைசியில் ரிக்‌ஷா மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். பையனுக்கு அது பிடித்திருந்தது. விமான நிலையத்தின் வழவழப்புத் தரையில் அதே வண்டி ஒரு விரலால் தள்ளினாலே ஓடுகிறது. அந்தத் தரைக்கென்றே அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள்.

செக்யூரிட்டியில் பிள்ளையைத் தூக்கி, வண்டியை மடக்கி எக்ஸ்ரேயில் விட வேண்டும். ஹாலில் எடுத்த பயிற்சி அங்கே கைகொடுத்தது. அதைவிடப் பெரிய உபகாரம், முதுகுப்பலகை நன்றாகச் சாய்வது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். பையன் அந்த இரண்டு மணி நேரமும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான். கொடுத்த காசுக்கு அதுவே போதும். பெரியவள் தனக்கும் வேண்டும் என்று அழுதாள். வண்டி தாங்குவது 15 கிலோ, அவள் 16.

திரும்பி வந்து இறங்கியபோது இரவு பன்னிரண்டு நாற்பது. அந்நேரத்துக்கு மெட்ரோ கிடையாது. கேப் வந்தது. டிக்கியில் பாதியை கேஸ் சிலிண்டர் அடைத்திருந்தது, மீதியில் இரண்டு பெட்டிகள். ஸ்ட்ரோலரின் 18 செ.மீ. தடிமன் அப்போதுதான் அருமையாகத் தெரிந்தது. முன்சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்திச் செருகினால் அசையாமல் நின்றது.

ஆனால் காருக்குள் உட்காரும்போது அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது கார் சீட் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. விமான நிலையத்துக்கென்று எதையெதையோ வாங்கிய நான் இதை யோசிக்கவே இல்லை. பெரியவளுக்காவது பெல்ட் போடலாம் என்று சீட்டைத் தடவினால், பக்கிளைக் காணோம்.

"பின்னாடி யாரும் போடமாட்டாங்கக்கா" என்றார் டிரைவர். இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். சீட் கவரின் எலாஸ்டிக்கைத் தூக்கி, இடுக்கில் முழங்கை வரை கையை விட்டார். ஒரு சாக்லேட் காகிதம் வந்தது, பிறகு ஒரு ரூபாய் நாணயம், அப்புறம் பக்கிள். "இருக்குது பாருங்க" என்றார், அவருக்கே ஆச்சரியம்.

பெல்ட் மகளின் கழுத்தை உரசியது. அவள் உயரத்துக்கு அது சரிவராது, அடியில் பூஸ்டர் சீட் வேண்டும். வீடு வரும்வரை அந்தப் பட்டையை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். இன்னொரு கையில் பையன்.